போலீஸ்காரர் சுமந்த சஞ்சீவி

போர்க்களத்தில் இலக்குவன் மூர்ச்சையுற்று விழுந்தபோது அநுமான் மருந்து மலையையே பெயர்த்துக்கொண்டு வந்த கதையை நமது வீடுகளில் குழந்தைகளும் அறிவார்கள். அந்தக் கதையைச் சொல்லும் பாட்டிமார் ஒரு நிபந்தனையையும் தவறாமல் சேர்த்துச் சொல்வதுண்டு: பொழுது விடிவதற்குள் மருந்து வந்து சேர வேண்டும், தவறினால் மலை வந்தும் பிரயோசனமில்லை. வைத்திய சாஸ்திரத்தின் பெரிய உண்மை ஒன்று அந்த நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. மருந்தின் குணம் எவ்வளவு உயர்ந்ததாயினும், காலம் கடந்தபின் அது வெறும் தழையே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மேரிலாந்து என்னும் ராஜ்யத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இக்கதை தலைகீழாக நடந்துவருகிறது. அங்கே மலை பெயர்ந்து வருவதில்லை. அது பால்டிமோர் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியாக நிலைபெற்று நிற்கிறது. காயமுற்று விழுந்தவர்களே ஆகாய மார்க்கமாக அதனிடம் கொண்டுபோகப்படுகிறார்கள். கொண்டுபோகிறவர்கள் யார் என்று கேட்டால் வாசகர்கள் சற்று வியப்படையக்கூடும். அவர்கள் அந்த ராஜ்யத்துப் போலீஸ்காரர்கள்.

திருடனைத் துரத்துவதும் நோயாளியைக் காப்பதும் ஒரே படையின் வேலையானது எப்படி, அதற்குப் பணம் கொடுப்பவர் யார், அந்தப் படை தன் உயிர்களையே விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் என்ன என்பவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சாலையில் ஒரு யுத்தம்

அமெரிக்கர்களுக்கு மோட்டார் வண்டி கால்களைப் போல ஆகிவிட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1965-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் விபத்துக்களால் இறந்தவர்கள் 1,07,000 பேர்; அவர்களில் ஏறத்தாழ 49,000 பேர் மோட்டார் விபத்துக்களில் மாண்டவர்கள். மறு ஆண்டில் அந்நாட்டின் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் வெளியான அறிக்கை ஒன்று இக்கணக்கை எடுத்துக் காட்டி, விபத்து மரணம் என்பது நவீன சமுதாயம் கவனியாது விட்ட வியாதி என்று கூறியது.

அந்த அறிக்கை சொன்ன வேறு இரண்டு விஷயங்கள் படித்தவர்களைத் திடுக்கிட வைத்தன. நாட்டிலிருந்த ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழப் பாதியை நடத்தி வந்தவர்கள் பிரேத அடக்கத் தொழில் செய்பவர்கள்! மனிதனை நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. வண்டியில் இருந்தவருக்கு வைத்தியத்தில் பயிற்சி உண்டா என்று கேட்பாரில்லை. இரண்டாவது விஷயம் இன்னும் கசப்பானது. பலத்த காயம் பட்டவன் பிழைப்பதற்கு, அமெரிக்க நகரத்துத் தெருவைவிடப் போர்க்களமே மேலான இடம் என்று அநுபவமுள்ள சிகிச்சையாளர்கள் கருதினார்கள்.

இதற்குக் காரணம் இருந்தது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியா யுத்தத்தில் ஹெலிகாப்டரின் இரு புறமும் தூக்குப் படுக்கைகளைக் கட்டிக் காயமுற்ற சிப்பாய்களை எடுத்துச் சென்றார்கள். பின்னர் வியட்நாமில் அந்த முறை இன்னும் செம்மைப்பட்டது. அடர்ந்த காட்டில் குண்டடி பட்ட சிப்பாயைத் தேடி வானூர்தி வந்தது. ஆனால் அதே சிப்பாய் ஊர் திரும்பித் தன் வீட்டு வாசலில் மோட்டார் வண்டியில் அடிபட்டால் பிரேத வண்டிக்காரருக்குத்தான் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரத்தின் கணக்கு

இந்த நிலையைச் சகியாதவர்களில் ஒருவர் டாக்டர் ஆடம்ஸ் கௌலி. இவர் 1917-இல் யூட்டா ராஜ்யத்தில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஐரோப்பாவில் ராணுவ ரண சிகிச்சையாளராகப் பணியாற்றிவிட்டுப் பால்டிமோரிலுள்ள மேரிலாந்து சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

உடம்பிலிருந்து ரத்தம் மிகுதியாக வெளியேறும்போது மனிதன் உடனே இறந்துவிடுவதில்லை. இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் மிச்சம் பிடிப்பதற்காகத் தேகம் மற்ற உறுப்புக்களுக்குப் போகும் ஓட்டத்தைக் குறைத்துக் கொள்கிறது. கை கால்கள் சில்லிடுகின்றன. நாடி மெலிந்து ஓடுகிறது. பிராண வாயு கிடைக்காத உறுப்புக்கள் ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்குகின்றன. இதையே வைத்தியர்கள் 'ஷாக்' என்கிறார்கள். இந்த நிலை ஓர் அளவுக்கு மேல் நீடித்தால், பின்பு எவ்வளவு ரத்தம் ஏற்றினாலும் நோயாளி சில மணி நேரத்திலோ சில தினங்களிலோ இறந்து போகிறான். அவன் இறக்கும் நாள் பிந்தியதாக இருக்கலாம். அவனுடைய மரணம் முதல் மணி நேரத்திலேயே நிச்சயமாகிவிடுகிறது. கௌலி கண்டு வலியுறுத்திய கருத்து இது. அந்த வேளையைப் 'பொன்னான ஒரு மணி நேரம்' என்று அவர் அழைத்தார். சரியாக அறுபதாவது நிமிஷத்தில் வாசல் அடைபட்டுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. காயத்துக்குக் காயம் கெடு மாறும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷத்திலும் நோயாளி எதையோ இழக்கிறான் என்பதே அதன் உட்கருத்து.

1960-களின் தொடக்கத்தில் ராணுவத்தின் உதவித் தொகையைக் கொண்டு இரண்டே படுக்கைகளுள்ள ஓர் ஆராய்ச்சிப் பிரிவைக் கௌலி தொடங்கினார். மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளே அங்கு வந்தபடியால் அதற்கு 'மரணச் சாலை' என்று பரிகாசப் பெயர் ஏற்பட்டது. ஆனால் சாகவேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்களில் சிலர் பிழைத்து எழுந்தார்கள். நோயாளிகள் இன்னும் முன்னதாக வந்து சேர்ந்திருந்தால் இன்னும் பலர் பிழைத்திருப்பார்கள் என்பது கௌலிக்குத் தெளிவாயிற்று.

இங்கே பூகோளம் குறுக்கிட்டது. மேரிலாந்து சிறிய ராஜ்யமே. ஆயினும் அதன் அமைப்பு விசித்திரமானது. செசபீக் என்னும் நீண்ட விரிகுடா அதைக் கிழக்கும் மேற்குமாகப் பிளக்கிறது. 1952-இல் கட்டி முடிக்கப்பட்ட பாலம் ஒன்றே விரிகுடாவின் நடுப்பகுதியை நேரே கடக்கும் வழி. மேற்கே அப்பலாச்சிய மலைத்தொடர். அந்த மலைப் பக்கத்திலுள்ள கம்பர்லந்து என்ற ஊரிலிருந்து பால்டிமோருக்குச் சாலை வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். மோட்டாரில் இரண்டு மணிக்கு மேல் ஆகும். பள்ளிக்கூடத்துப் பையனும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவான். வண்டி பாதி வழி வருவதற்குள் பொன்னான வேளை தீர்ந்துவிடுகிறது.

ஆகாய மார்க்கம் ஒன்றே வழி. ஆனால் ஆஸ்பத்திரிக்கென்று தனி ஹெலிகாப்டர்கள் வாங்கி இரவும் பகலும் விமானிகளை இருத்தி வைப்பது பெருஞ் செலவு. கௌலியும் ராஜ்யப் போலீஸ் அதிகாரிகளும் கலந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். போலீஸுக்குச் சாலைகளையும் காடுகளையும் கண்காணிக்க ஹெலிகாப்டர் வேண்டும். வைத்தியருக்கு நோயாளியைக் கொண்டுவர ஹெலிகாப்டர் வேண்டும். ஒரே ஊர்தி இரண்டுக்கும் உதவலாகாதா? மத்திய சர்க்காரின் பண உதவியுடன் 'பெல் ஜெட்ரேஞ்சர்' என்னும் சிறு ஹெலிகாப்டர்கள் வந்தன. 1970-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் தேதி, பால்டிமோரைச் சுற்றிச் செல்லும் பெருஞ் சாலையில் அடிபட்ட ஒருவரைப் போலீஸ் ஹெலிகாப்டர் எடுத்துச் சென்றது. அந்தத் தினமே இந்தச் சேவையின் பிறந்த தினம்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. தங்கள் ஊர் நோயாளியைத் தங்கள் ஆஸ்பத்திரியைத் தாண்டி ஏன் கொண்டுபோக வேண்டும் என்று வைத்தியர்கள் பலர் கேட்டார்கள். அப்போது கவர்னராயிருந்த மார்வின் மாண்டெல் 1973-இல் ஓர் உத்தரவினால் கௌலியின் பிரிவைத் தனி ஸ்தாபனமாக்கி, ராஜ்யம் முழுவதற்குமான அவசர சிகிச்சை முறைக்கு அடித்தளமிட்டார். கௌலி 1991-இல் காலமானார். அவர் தொடங்கிய ஆஸ்பத்திரி இன்று அவர் பெயராலேயே விளங்குகிறது. அதன் மாடியில் இறங்கும் நோயாளி சாதாரண அவசரப் பிரிவில் காத்திராமல் நேரே ரண சிகிச்சைக் கூடத்துக்கே கொண்டுபோகப்படுகிறார்.

ஒரு கையில் சட்டம், ஒரு கையில் மருந்து

ராஜ்யத்தின் ஏழு இடங்களில் இந்த ஹெலிகாப்டர்கள் இரவும் பகலும் ஆயத்தமாக நிற்கின்றன. மேற்கே கம்பர்லந்து, நடுவே பிரெடரிக், விரிகுடாவின் கிழக்கே ஈஸ்டன், சாலிஸ்பரி என்று இடங்கள் பார்த்து அமைத்திருக்கிறார்கள். தலைமை நிலையம் பால்டிமோரை அடுத்த மார்ட்டின் விமான நிலையத்தில் இருக்கிறது. இன்று பறப்பவை பழைய சிறு ஊர்திகள் அல்ல. 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் வாங்கப்பட்ட 'ஏ.டபிள்யூ. 139' என்னும் இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர்கள் பத்து இருக்கின்றன. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடியவை.

விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வருகிறவர்கள் உள்ளூர்த் தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுமே. காயத்தைப் பார்த்து, விமானம் வேண்டும் என்று அவர்கள் கருதினால் செய்தி பால்டிமோரிலுள்ள மத்திய தொடர்பு நிலையத்துக்குப் போகிறது. எந்தத் தளத்திலிருந்து எந்த ஊர்தி புறப்படலாம் என்பதை அங்கே தீர்மானிக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் பக்கத்திலுள்ள வயலையோ விளையாட்டு மைதானத்தையோ ஒழுங்குபடுத்தி விளக்கு வைக்கிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து இறங்குகிறவர் போலீஸ் உடை தரித்தவர். அதே சமயம் அவசர சிகிச்சையில் முறையாகத் தேர்ச்சி பெற்றவர். இடுப்பில் துப்பாக்கியும் கையில் மருந்துப் பெட்டியும் அவருக்கு உண்டு.

நோயாளி இல்லாத வேளைகளில் இவர்கள் போலீஸ் வேலையைக் கவனிக்கிறார்கள். ஓடும் குற்றவாளியை மேலிருந்து பின்தொடர்வது ஒன்று. அதைவிட நம் மனத்தைத் தொடுவது காணாமற் போனவர்களைத் தேடும் வேலை. நினைவு தடுமாறிய முதியவர் ஒருவர் இரவில் வீட்டை விட்டு நடந்துபோய்க் காட்டுக்குள் விழுந்துவிட்டால், நூறு பேர் விளக்குடன் தேடினாலும் கண்டுபிடிப்பது கடினம். ஹெலிகாப்டரில் பொருத்திய வெப்பக் காமிராவோ இருளைப் பொருட்படுத்துவதில்லை. குளிர்ந்த தரையின் நடுவே மனித தேகத்தின் உஷ்ணம் அதன் திரையில் வெண் புள்ளியாகத் தெரிகிறது. வெள்ளத்திலோ பாறை இடுக்கிலோ அகப்பட்டவரை இரும்புக் கயிற்றில் இறங்கித் தூக்கியெடுப்பதும் இவர்கள் பணியே.

பணம் கொடுப்பவர் யார்?

ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான பகுதிகளில் ஆகாய ஆம்புலன்ஸ் தனியார் கம்பெனிகளின் கையிலோ ஆஸ்பத்திரிகளின் கையிலோ இருக்கிறது. 2017-இல் ஹெலிகாப்டரில் ஒரு தடவை கொண்டுபோவதற்கு விதித்த கட்டணத்தின் நடுமதிப்பு ஏறத்தாழ 36,400 டாலர் என்று அந்நாட்டுச் சர்க்காரின் கணக்காய்வு நிலையம் 2019-இல் அறிவித்தது. அதாவது பாதிப் பேருக்கு அதற்கு மேலும், பாதிப் பேருக்கு அதற்குக் கீழும் கட்டணச் சீட்டு வந்திருக்கிறது. நினைவிழந்து கிடக்கும் மனிதன் எந்தக் கம்பெனியின் ஊர்தி தனக்கு வேண்டும் என்று பேரம் பேச முடியுமா? பிழைத்தெழுந்தவர்களில் அநேகர் வீட்டுக்கு வந்த கடிதத்தைக் கண்டு மறுபடியும் மூர்ச்சையுறும் நிலையில் இருந்தார்கள். இன்ஷூரன்ஸ் உள்ளவர்களை இத்தகைய எதிர்பாராத சீட்டுக்களிலிருந்து காப்பதற்கு 2022-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு மத்தியச் சட்டம் அமுலுக்கு வந்தது.

மேரிலாந்து வேறு வழியைக் கைக்கொண்டது. ராஜ்யத்தில் மோட்டார் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்தத் தொகைகள் திரண்டு அவசர சிகிச்சை நிதியாகின்றன. போலீஸ் ஹெலிகாப்டர்களின் வைத்தியப் பணிக்கும் அந்த நிதி உதவுகிறது. அடிபட்டவரிடம் விமானக் கட்டணம் கேட்பதில்லை. செல்வரும் ஏழையும் ஒரே ஊர்தியில் ஏறுகிறார்கள். கோயில் உண்டியலில் ஒவ்வொருவர் இடும் காசும் சிறிதே. அதிலிருந்து அன்னதானம் நடக்கிறது. இந்த ஏற்பாடும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. சாலையினால் விளையும் ஆபத்துக்குச் சாலையைப் பயன்படுத்துவோரே பொறுப்பேற்பது நியாயமும் ஆகும்.

1986-உம் 2008-உம்

இதுவரை படித்த வாசகர்கள், இது குறையொன்றுமில்லாத ஏற்பாடு என்று எண்ணக்கூடும். அவ்வாறு நிறுத்திவிட்டால் நான் பாதிக் கதையைச் சொன்னவனாவேன்.

1986 ஜனவரி 19-ஆம் தேதி நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்று மூடுபனியில் பால்டிமோர் நகரத்துப் பூங்கா ஒன்றில் விழுந்தது. அதிலிருந்த இரு போலீஸ்காரர்களும் மாண்டனர். அதற்குப்பின் ஒற்றை எஞ்சின் ஊர்திகளுக்குப் பதில் 'டாபின்' என்னும் இரட்டை எஞ்சின் ஊர்திகளை வாங்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிர்ச்சேதமின்றிச் சேவை நடந்தது. இத்தகைய நீண்ட நிம்மதிதான் மனிதர்களை ஏமாற்றுகிறது.

2008 செப்டம்பர் 27-ஆம் தேதி இரவு. வாஷிங்டனுக்குத் தெற்கே ஒரு மோட்டார் விபத்தில் காயமுற்ற இரண்டு இளம் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு 'டாபின்' புறப்பட்டது. அதில் ஒரே விமானி, ஒரு போலீஸ் சிகிச்சையாளர், உள்ளூர்த் தொண்டர் ஒருவர் இருந்தார்கள். வானிலை கெட்டுவிட்டபடியால் போகவேண்டிய ஆஸ்பத்திரியில் இறங்க முடியவில்லை. விமானி ஊர்தியை ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தின் பக்கம் திருப்பினார். மேகத்தினூடே ஓடுபாதையை நோக்கி இறங்குகையில் மேகத்துக்குக் கீழே வந்து தரையைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்று வேகமாகத் தாழ்ந்தார். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பாக, ஓடுபாதைக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் இப்பால், மரங்களடர்ந்த பூங்காவில் ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. நால்வர் மாண்டனர், காயமுற்றிருந்த பெண்களில் ஒருவர் மட்டும் பிழைத்தார். இன்னொரு கொடுமையும் உண்டு. காணாமற் போனவர்களைத் தேடுவதில் பெயர்பெற்ற அந்தப் படையின் சொந்த ஊர்தி விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று.

விபத்துக்களை விசாரிக்கும் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை மறு ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. விமானி குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியது பிரதான காரணம். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதில் சமீபப் பழக்கம் அவருக்குக் குறைவாயிருந்தது. வானிலையைச் சரியாக மதிப்பிடவில்லை. ஆனால் சபை அவரோடு நிற்கவில்லை. ஆபத்தை அளந்து பார்த்துப் புறப்படும் முறையைப் படை ஒழுங்காக அநுசரிக்கவில்லை என்றது. விமானத்தளத்தின் புதிய வானிலை விவரத்தை அவருக்கு எடுத்துச் சொல்லாத வானூர்திக் கட்டுப்பாட்டாளர்கள் மீதும் குறை கூறியது.

அப்போது ராஜ்யம் முழுவதும் ஒரு கேள்வி எழுந்தது. ஹெலிகாப்டரில் கொண்டுபோகப்படுகிறவர்களில் பலர் ஒரு நாளைக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள் என்று விமர்சகர்கள் எடுத்துக் காட்டினார்கள். அவர்களைச் சாலை வழியாகவே அனுப்பியிருக்கலாகாதா? ஒருவரைக் காக்கும் பொருட்டு ஐவரை ஆபத்தில் இடுவது நியாயந்தானா? இந்தச் சேவையைத் தனியாரிடம் ஒப்பித்துவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு.

மறுபக்கத்து நியாயமும் புறக்கணிக்கத்தக்கதன்று. நள்ளிரவில் சாலையோரத்தில் முழந்தாளிட்டு விளக்கொளியில் நோயாளியைப் பார்க்கும் ஊழியருக்குத் தேகத்தின் உள்ளே ரத்தம் கசிகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. வண்டி நசுங்கியிருக்கும் விதத்தைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். ஊகம் பிசகாமல் இருக்க வேண்டுமென்றால் தேவையில்லாத சிலரையும் அனுப்பியே ஆகவேண்டும். வீணாக ஒருவரை அனுப்பிய பிழையைப் பொறுக்கலாம். அனுப்பவேண்டியவரை விட்டுவிட்ட பிழையை அந்தக் குடும்பம் எந்நாளும் பொறுக்க மாட்டாது.

நிபுணர் குழு ஒன்று வந்து ஆராய்ந்தது. ராஜ்யம் சேவையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, அதன் விதிகளைத் திருத்தியது. நோயாளியின் தேகத்தில் ஆபத்தின் அறிகுறி வெளிப்படாமல், விபத்தின் தன்மையைக் கொண்டு மட்டும் ஹெலிகாப்டரை அழைக்கவேண்டி வந்தால், முதலில் ரண சிகிச்சை வைத்தியர் ஒருவரைக் கலந்துகொள்வது கட்டாயமாயிற்று. அதன் பின்னர் ஆகாய வழியாகச் சென்ற நோயாளிகளின் தொகை மிகவும் குறைந்தது. ஒரே விமானி பறந்த இடத்தில் இருவர் பறக்கலானார்கள். புதிய ஊர்திகளில் தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியும் இரவில் பார்க்க உதவும் கண்ணாடியும் இடம்பெற்றன.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. பணமிருந்தால் எந்த நாடும் ஹெலிகாப்டர் வாங்கிவிடலாம். ஜனங்கள் சிறுகச் சிறுகக் கொடுத்து ஒருவர் உயிரை எல்லோருடைய பொறுப்பாகவும் ஆக்கிக்கொள்வது அதைவிட அரிய காரியம். அதனினும் அரியது, உதவி செய்யவேண்டும் என்ற ஆர்வம் பொங்கும் வேளையில் வானத்தைப் பார்த்து, 'இன்றிரவு பறக்கலாகாது. சாலை வழியே போங்கள்' என்று சொல்லும் துணிவு. அப்படிச் சொல்லும் விமானியை யாரும் மாலையிட்டு வரவேற்கப் போவதில்லை. பத்திரிகையில் அவர் படமும் வராது. ஆனால் மறுநாள் மழை விட்டபின் வேறொரு ஊரில் வேறொருவர் அடிபட்டுக் கிடக்கும்போது, எழும்பிச் செல்ல ஓர் ஊர்தியும் அதில் நால்வரும் உயிருடன் ஆயத்தமாயிருப்பதற்கு அவரே காரணம்.